பச்சை விசில்

சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும் அந்தப் பச்சை பிளாஸ்டிக் விசில். கோழிக்குஞ்சு பொம்மையின் வயிற்றை அமுக்கினால் கீச்சென்று கத்துமே, அந்தச் சத்தத்துக்காக உள்ளே செருகியிருப்பார்கள். செம்பாக்கத்தில் என் வீட்டுப் பீரோவில் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். கண்ணில் படும்போதெல்லாம் பார்க்காத மாதிரி மூடிவிடுவேன்.

தாம்பரம் கேம்ப் ரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக ஒரு டாக்டர் மேடத்தோடு காலம் தள்ளியவள் நான். குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கியதை எடுப்பதில் அந்த டாக்டர் மகா கெட்டிக்காரர். வேர்க்கடலை, சீத்தாப்பழ விதை, பேனா மூடி என்று என்னென்னவோ வரும். மயக்கம் கொடுத்து, வாய்வழியாகக் குழாயை இறக்கி, நீண்ட இடுக்கியால் கவ்வி எடுக்க வேண்டும். வழுக்கினால் போச்சு. அதனால் மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. "உள்ள போனது மாதிரியே இன்னொண்ணு கொண்டு வாங்க" என்று பெற்றவர்களை அனுப்புவார். தியேட்டர் தயாராவதற்குள் அது வந்துவிடும். எந்த இடுக்கிக்கு அது பிடிகொடுக்கிறது என்று பழகிப் பார்த்த பிறகுதான் குழந்தையைத் தொடுவார். "மேடம் மாடல் எக்ஸாம் எழுதறாங்க" என்று நான் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

ஒரு நாள் வந்த பெண் குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும். அப்பா ஆட்டோ ஓட்டுபவர். மூச்சு விடும்போதெல்லாம் குழந்தையின் நெஞ்சிலிருந்து மெல்லிசாக விசில் கேட்டது. "பாப்பா வாய மூடிகினே விசில் அடிக்குதுன்னு சிரிச்சுகினு இருந்தோம் மேடம். போன்ல வீடியோகூட எடுத்தோம்" என்றார். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் வாங்கிய பொம்மை சத்தமில்லாமல் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்திருக்கிறது. மேடம் வழக்கம்போல, "அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க, நாங்க ரெடி ஆயிடறோம்" என்றார். மனிதர் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஓடினார்.

குழந்தையைத் தியேட்டர் மேசையில் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு இருமல் இருமியது. விசில் சத்தம் நின்றுபோனது. பாழாய்ப்போன பிளாஸ்டிக், நுரையீரலுக்குப் பிரியும் கிளைக்குழாயிலிருந்து மேலே வந்து பெரிய மூச்சுக்குழாயையே அடைத்துக்கொண்டது. மேடம் எதற்கும் காத்திருக்கவில்லை. இடுக்கி வழுக்கியது, மறுபடியும் வழுக்கியது. கடைசியில் எடுத்துவிட்டார். அதற்குள் குழந்தை போய்விட்டது. அடக் கடவுளே, அந்தச் சின்ன வாய் அப்படியே திறந்திருந்தது.

வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் மேடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படியில் தடதடவென்று சத்தம். "கெடைச்சிருச்சு மேடம்! அதே பச்சை! மார்க்கெட் பூரா சுத்திகினு வந்தேன்!" வியர்த்த உள்ளங்கையில் விசில் ஒட்டியிருந்தது. மனைவி அழுவதைப் பார்த்தும் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் போவாம இருந்திருந்தா, தியேட்டர் வாசல் வரைக்குமாச்சும் பாப்பாவ தூக்கிகினு வந்திருப்பேனே மேடம்?" மேடம் அவர் கையிலிருந்த விசிலை வாங்கி மேசைமேல் வைத்தார். அவர்கள் போன பிறகும் அது அங்கேயே கிடந்தது.

அதற்குப் பிறகு மேடம் எந்தப் பெற்றவரையும் வெளியே அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், கத்துகிற பொம்மைகளாக வாங்கி, விசிலைப் பிடுங்கித் தியேட்டர் இழுப்பறையில் போட்டு வைத்தார். "வூட்ல எத்தினி கொயந்தைங்க மேடம்?" என்று கடைக்காரர் கேட்பாராம். "நெறைய" என்பாராம் இவர். அந்த இழுப்பறையால் பிழைத்த குழந்தைகள் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும், அதிலேயே போட்டு வைத்திருந்த ஆட்டோக்காரரின் பச்சை விசிலை மட்டும் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் மற்றதை எடுப்பார்.

மேடம் ஓய்வு பெற்ற நாளில் அதைப் பஞ்சில் சுற்றி என் கையில் வைத்தார். "தூக்கிப் போட எனக்குக் கை வரல. நீ போட்டுடு." சரி மேடம் என்று வாங்கிக்கொண்டேன்.

மேடம் இப்போது இல்லை. ஸ்டேஷன் நடைபாதையில் அதே கோழிக்குஞ்சுகள் இன்னும் கத்திக்கொண்டிருக்கின்றன. நான் காதைப் பொத்தாத குறையாக நடந்துவிடுகிறேன். காலையில் குப்பை வண்டி வரும்போது சில நாள் பீரோவைத் திறந்து, பஞ்சை எடுத்துக்கொண்டு வாசல் வரை போவேன். திரும்பி வந்துவிடுவேன். அந்த மனிதர் மார்க்கெட் பூரா ஓடித் தேடிக் கொண்டுவந்தது. குப்பையில் எப்படிப் போடுவேன், சொல்லுங்கள்.