போய் வருகிறோம் என்று சொன்னவர்கள்

கணக்கு சார் தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அவர் மனைவியின் தகனம் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்த மத்தியானம் அது. சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, பேசாமல் எழுந்து போவதுதான் வழக்கம். அவரோடு வேலை பார்த்த ஆசிரியர்களான நாங்களும் அப்படியே நழுவப் பார்த்தோம். அவர் விடவில்லை. "போயிட்டு வரோம்னு சொல்லிட்டுப் போங்க. நாமே பயந்தா எப்படி?" என்றார். மூன்று பேரும் சொன்னோம். ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட பெருமை எனக்கு.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு சாமி இல்லை என்று சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரோடு சேர்த்து அப்படி நான்கு ஆசிரியர்கள். நான் ஒருத்திதான் பெண். பௌர்ணமிக்கு ஊரே சேர்ந்து மலை சுற்றப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாமும் கூடிப் பேசலாமே, ஒரு மன்றம் மாதிரி வைத்துக்கொள்ளலாமே என்று நச்சரிப்பேன். கணக்கு சார் சிரிப்பார். கூட்டம் சேர்ந்தால் அதற்கும் ஒரு பூசாரி வந்துவிடுவான், சொந்தப் புத்தி உள்ளவனுக்குத் துணை எதற்கு என்பார். நானும் நம்பினேன். அப்படி நம்புவது சௌகரியமாகவும் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டதில் மைத்துனர்களுக்குக் கோபம். கீழ்பென்னாத்தூரில் தங்கள் வீட்டிலேயே அதைச் செய்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் பஸ் பிடித்து அங்கே போய்விட்டார்கள். கோடை விடுமுறை, நான் மூன்று தெரு தள்ளி வீட்டில்தான் இருந்தேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் தோன்றும். எந்த நாளில், எதைச் சாக்காக வைத்துப் போவது என்றுதான் தெரியவில்லை. மற்றவர்களுக்கு அதைச் சடங்கே சொல்லிவிடுகிறது. எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, நாளைக்குப் போகலாம் என்றே விடுமுறை தீர்ந்துவிட்டது.

பள்ளி திறந்த அன்று ஆசிரியர் அறையில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நன்றாக இளைத்திருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

"அந்தப் பதினாறாம் நாள் ஒரு லிட்டர் பால் ஜாஸ்தியா வாங்கிட்டேன் டீச்சர். யாருன்னா வந்தா டீ போடணுமேன்னு. சாயந்திரம் வரைக்கும் கதவைத் தொறந்தே வெச்சிருந்தேன்."

மணி அடித்தது. அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

அவரும் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. சாமி இல்லை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்த டீயை மட்டும் அவரோடு உட்கார்ந்து குடித்திருக்க வேண்டும்.