இவன் யாரென்று நான் கேட்காத நாள்

பொறாமை வருவதென்றால் ஓர் ஆண்பிள்ளை மேல் வந்திருந்தாலாவது கௌரவமாக இருந்திருக்கும். எனக்கு வந்தது பக்கத்து வீட்டம்மா மேல். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். என் மனைவியோடு ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார்.

வேலை முடிந்ததும் இருவரும் எங்கள் வீட்டு டிவியில் ஒரு தொடர் பார்ப்பார்கள். தமிழ் பேசும் வெள்ளைக்காரப் போலீஸ். கொலைகாரன் கதவை எப்படிச் சாத்தினான், செத்தவளின் முகத்தை ஏன் மூடினான் என்பதை வைத்தே அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவார்கள். இவர்களும் கூடவே துப்பறிவார்கள்.

"இவன் இல்லட்டி, இவன் பயந்தாங்கொள்ளி."

"இல்லீங்கக்கா, பயந்தவன்தானுங்க இப்படிச் செய்வான்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. பேசினாலும் கேஸ் சிலிண்டர், தண்ணீர் வரும் நாள், அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது. வேலை விட்டதும் கூட்டாளிகளோடு பேக்கரியில் டீயும் கையுமாக நிற்பவன், அதை விட்டுவிட்டு நேராக வந்து இவர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதைதான் பிடிபடவில்லை. எல்லா வெள்ளைக்காரனும் ஒரே மாதிரி இருந்தான். "இவன் யாரு?" என்று கேட்டுக் கேட்டு மானம் போனது. நான் யாரைக் கொலைகாரன் என்றாலும் அவன் நிரபராதி என்று முடிவுகட்டிச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான் துணி வெட்டும் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் துணி ரோல் மேல் உட்கார்ந்து, அடுத்த பகுதியை போனில் முழுதாகப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் தொடர் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சொன்னேன். "அந்த டாக்டர்தான். பாருங்க, செத்தவ புருஷன் கண்ணப் பாத்துப் பேசவே மாட்டீங்கறான்."

கடைசியில் டாக்டர்தான் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டம்மா திரும்பிப் பார்த்தார். "அண்ணே, எப்படிண்ணே கண்டுபிடிச்சிய?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா போன பிறகுதான் கேட்டாள்.

"ஏனுங்க, முன்னாடியே பாத்துப்போட்டீங்களாக்கும்?"

"இல்லியே."

"நித்தமும் இவன் யாரு, இவன் யாருன்னு உசுர எடுப்பீங்க. இன்னைக்கு ஒருக்காக்கூடக் கேக்கலீங்க. டாக்டரு மாட்டறப்ப நாங்க டிவியப் பாத்தோம், நீங்க எங்க மூஞ்சியப் பாத்தீங்க."

பிடிபட்ட எரிச்சலில் மனதிலிருந்தது வெளியே வந்துவிட்டது. "அந்தம்மாகிட்டப் பேசறதுல பாதியாச்சும் என்கிட்டப் பேசறயா? அவங்க தெனமும் இங்க வந்தே ஆகோணுமா?"

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். மடித்த சட்டையை ஓரமாக வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"அந்தக்கா தானா வர்றதில்லீங்க. நாந்தான் கூப்புடறேன். அவங்க வந்தாத்தானுங்க நீங்க பேக்கரிக்குப் போகாம நேரமா ஊட்டுக்கு வர்றீங்க."

இத்தனை வருஷம் அவள் இந்த டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். பின்னாலிருந்த நாற்காலியை எடுத்து அவள் பக்கத்தில் போட்டேன்.

"அடுத்ததப் போடு," என்றேன்.

போட்டாள். யாரோ ஒருவன் காரிலிருந்து இறங்கினான்.

"இவன் யாரு?" என்று கேட்டேன்.