படத்தில் நிற்கும் ஆட்டோ

ஆற்றுப்பாலத்தில் ஏறும்போதெல்லாம், வண்டியைத் தன் உடம்பால் தள்ளுவதுபோல் முன்னால் சாய்ந்துகொள்வார் அந்த மின்சார ஆட்டோக்கார அம்மா. தலையில் முக்காடு, சேலைமேல் காக்கிச் சட்டை. கொஞ்ச நாள் அவர் வண்டியில்தான் வேலைக்குப் போனேன்.

"சார்ஜ் தீரப் போவுது அண்ணாச்சி, நீங்களும் கொஞ்சம் சாயுங்க" என்றார் ஒருநாள்.

"வண்ணார்பேட்டையிலதான் புதுசா சார்ஜிங் நிலையம் வச்சிருக்காவளே, அக்கா?"

"எங்க ஸ்டாண்டைக் காலி பண்ணித்தான் அத வச்சாவ. அந்தப் பிளக் காருக்குத்தான் சேரும், எங்க வண்டிக்குச் சேராது."

"வைக்கதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாவளே. திறப்பு விழாவுக்கு வண்டியக் கழுவிக் கொண்டாந்து நிறுத்துவியான்னு கேட்டாவ."

பாலம் இறங்கி அந்த நிலையத்தைக் கடந்தோம். உள்ளே ஒரு கார்கூட இல்லை. வாசலில் ஆள் உயர விளம்பரப் பலகை. அதில் மாலை போட்ட ஆட்டோ ஒன்று. அதன் கண்ணாடியில், நான் உட்கார்ந்திருந்த வண்டியில் இருப்பதுபோலவே ஒட்டியிருந்த பச்சைப் பிறையைப் பார்த்ததும் எந்த வண்டி என்று தெரிந்துவிட்டது. பலகைக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'இங்கே ஆட்டோக்கள் நிற்கக் கூடாது.'

"படத்துல இருக்கது இந்த வண்டிதானே?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா. அங்கன நிக்க அதுக்கு மட்டுந்தான் அனுமதி."