அண்ணன் வீட்டுக்குள் போட்ட கோடுகள்

என் அண்ணன் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பூப்பந்தாட்டத்தில் ஜில்லா முழுக்கப் பேர் வாங்கியவர். நான் பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் அவருடைய வலது கை சும்மா இருக்கும்போது நடுங்க ஆரம்பித்தது. ஏதாவது எடுக்கப் போனால் நடுக்கம் நின்றுவிடும். பலவீனம் என்று டானிக் கொடுத்தார்கள். பிறகு நடை குறுகியது. வாசலருகே வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார்.

"என்னண்ணே, ஏன் நின்னுட்டீக?"

"போகணும்னுதான் நினைக்கிறேன் தாயி. கால் கிளம்ப மாட்டேங்குது."

மதுரையில் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். நடுக்குவாதம் என்றார். நான் உயிரியல் டீச்சர் என்று தெரிந்ததும் பொறுமையாக விளக்கினார்.

"மூளையோட ஆழத்துல ரெண்டு பக்கமும் நரம்பு முடிச்சுகள் இருக்கும்மா. பேசல் கேங்லியான்னு பேரு. எந்த அசைவை விடணும், எதை அடக்கணும்னு பார்க்கிறது அதோட வேலை. நடக்கிறது, சோறு பிசையிறது எல்லாம் நாம யோசிக்காமலே நடக்குதே, அதனாலதான். நடுமூளையில கறுப்பா ஒரு இடம் இருக்கு. அங்கேருந்து டோபமைன்னு ஒரு ரசாயனம் இதுக்கு வரணும். உங்க அண்ணனுக்கு அந்தக் கறுப்பு செல்கள் அழிஞ்சுக்கிட்டு வருது. கால்ல பலம் இருக்கு. கிளம்ப உத்தரவுதான் வரலை."

வகுப்பில் நான் பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று சொல்லி முடித்துவிடுவேன். ஒரு எட்டு எடுத்து வைப்பதற்கு உள்ளே இவ்வளவு நடக்கிறதா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்த வருஷம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். கல்யாண வீட்டு வாசலில் சிமெண்டுத் தளத்தில் அண்ணன் அசையாமல் நின்றுபோனார். மதினியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மெதுவாக உள்ளே கொண்டுபோனோம். அங்கே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அண்ணன் குனிந்து பார்த்தார். எங்கள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு கட்டம் கட்டமாகத் தாண்டி மளமளவென்று நடந்தார். அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தார்.

"கோடு தெரிஞ்சா தாண்ட முடியுது தாயி!" நோயினால் முகத்தில் சிரிப்பு வரவில்லை. குரல் சிரித்தது.

மறுநாள் காலையில் சுண்ணாம்பைக் கரைத்து, கயிறு பிடித்து, அறையிலிருந்து அடுப்படிவரை ஓரடிக்கு ஒரு கோடு போட்டார். மைதானத்தில் எத்தனையோ கோர்ட் போட்ட கை அது, நடுங்கினாலும் கோடு நேராக விழுந்தது.

"இது வீடா, கோர்ட்டா?" என்றார் மதினி.

"ரெண்டும்தான். கோட்டை மிதிச்சுராதே."

மருத்துவரிடம் சொன்னபோது அவர் எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணுக்குக் குறி கிடைத்தால் மூளை பழுதான வழியை விட்டு வேறு வழியில் காலை நடத்துகிறது என்றார்.

எழுபதுகளில் லெவோடோபா என்ற மருந்து வந்தது. மூளைக்குள் போய் டோபமைனாக மாறுமாம். பினாங்கில் இருந்த அண்ணனின் பழைய மாணவர் ஒருவர் வாங்கி அனுப்பினார். முதலில் ஒரே குமட்டல். சில வாரம் கழித்து ஒரு காலையில் அண்ணன் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மருந்து நோயைத் தீர்க்கவில்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் உடம்பு இறுகிவிடும். அதையும் அவர் மறைக்கவில்லை. நீண்ட லீவில் இருந்தவர் மறுபடி பள்ளிக்கூடம் போனார். ஒருநாள் மைதானத்தில் அப்படி இறுகியபோது பையன்களிடம் சொன்னாராம்: "இன்னும் கொஞ்ச நேரத்துக்கு நான் சிலைதான்டா. நீங்க ஓடுங்க, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஓய்வு பெறும்வரை அப்படியே வேலை பார்த்தார்.