ரேஷன் கார்டு வைக்காத கடிதம்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் அடித்துத் தருவேன். திங்கட்கிழமை காலையில் மூச்சுவிட நேரமிருக்காது; கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறவர்கள் முதலில் என்னிடம்தான் அழுவார்கள். மத்தியானத்துக்கு மேல் ஈ, காக்கை வராது. மெஷினின் வெளிச்சம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவதைப் பார்த்தபடி பகல் கனவு காண்பேன்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் மந்திரி ஒருவருக்கு நானே கடிதம் அடிக்க ஆரம்பித்தேன். பூமி சூடாவதைப் பற்றி. நான் பார்த்தேயிராத கடல்கள், கொஞ்சம் கொஞ்சமாக முழுகும் தீவுகள், எங்கோ வெடித்த வயலில் நின்று என்னைப் போலவே முந்தானையால் முகத்தைத் துடைக்கும் ஒருத்தி. பணக்கார நாடுகள் புகைவிட, ஏழை நாடுகள் இருமுகின்றன என்று ஒரு வரி வந்தது. அதை நாலு தடவை வாசித்துக்கொண்டேன். கொஞ்சம் கர்வம்தான்.

கல்வராயன் மலையிலிருந்து சாமை விற்க வரும் ஒருத்தி, வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமிருந்தால் என் கடை ஃபேனுக்கடியில் உட்காருவாள். அந்த வருஷம் அவளிடம் விற்கச் சாமையில்லை. விதைத்து, மழை ஏமாற்றி, முளைத்ததெல்லாம் கருகிவிட்டது. வீட்டில் மிச்சமிருந்தது ஒரு மூட்டை விதை மட்டும். அதை மறுபடி விதைப்பதா, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதா என்று தவித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்திருந்தாள்.

“இன்னாக்கா, அப்ப புடிச்சி அடிச்சிக்கினே இருக்கீங்க?”

படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். தீவு முழுகும் இடத்தில், “ஐயோ, அந்த ஜனம்லாம் எங்க போவும்?” என்றாள். அப்புறம் கையிலிருந்த நகலை நீட்டினாள்.

“இதையும் வெச்சி அனுப்புங்க. எங்க நெலமும் காஞ்சிதான் கெடக்குது. ஒரு மாசம் பாப்பேன். எதுனா பதில் வந்தா வெதைப்பேன்.”

சிரித்துவிட்டேன். “இது ஒலகத்துக்கே எழுதுறதும்மா. ஒன் கார்டு எதுக்கு?”

அவள் நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடிதம் போன பிறகு நாட்கள் மிதந்தன. மந்திரி என் வரியை எங்கோ மேடையில் படிப்பதாகவும், அந்தத் தீவில் யாரோ தலைநிமிர்வதாகவும் கற்பனை செய்துகொண்டேன். ஒரு மாதம் தாண்டித்தான் பதில் வந்தது. பாதிக்கப்பட்டவரின் பெயர், முகவரி, குடும்ப அட்டை நகல் இணைக்கப்படவில்லை. இணைத்து மீண்டும் அனுப்பவும்.

ஊரையெல்லாம் ‘நகல் வெச்சீங்களா’ என்று கேட்கும் ஜெராக்ஸ் கடைக்காரி நான். வெட்கமாக இருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் மலையேறினேன். வளைவுக்கு வளைவு மேகம் ஜன்னலுக்குள் வந்து போனது. அவள் வீட்டில் பூட்டுத் தொங்கியது.

“போன வாரமே பெங்களூரு பூட்டாங்க. வெதைய ஆக்கித் துன்னுட்டுதான் போனாங்க” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இறங்கும்போது நல்ல மழை. எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் மறுபடி அடிக்க உட்கார்ந்தேன். இந்த முறை தீவுகளில்லை. பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் அவள் பெயரை அடித்தேன். அடுத்தது முகவரி. என்ன அடிப்பதென்று தெரியவில்லை.