மூன்று கரண்டும் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டும்

பதினான்கு வருடம் என் கையைப் பிடித்துக்கொண்டு கபடி ஆடியவனுக்கு, அரசு ஆஸ்பத்திரியில் ‘பெயர் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பது’ என்று சீட்டு எழுதினார்கள். எழுதிய நர்ஸம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, பேரைச் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்தவன் நான்தான். அந்தச் சீட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிப்போடுகிறது.

கையைப் பிடித்துக்கொண்டு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. கபடியில் ஓரத்தில் நிற்பவனைக் கார்னர் என்போம். அவனுக்கு அடுத்து நிற்பவன் கவர். எதிராளி பாடிக்கொண்டு உள்ளே வரும்போது இந்த இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் கார்னர், நான் கவர். அவன் உள்ளங்கையில் எங்கே காய்ப்பு, எந்த விரல் முழுதாக மடங்காது, பாயப்போகிறான் என்றால் பிடி எப்படி இறுகும், எல்லாம் எனக்கு அத்துப்படி. பேர்தான் தெரியாது.

அவன் கரண்டு. நான் கீரி. இந்தப் பட்டங்களை நாங்களாக வைத்துக்கொள்ளவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பொங்கலுக்குக் கபடி நடந்தாலும் சரி, பங்குனியில் அம்மன் கோயிலில் கரகாட்டம் வைத்தாலும் சரி, மைக் பிடிப்பவர் அநேகமாக ஒரே ஆள்தான். சவுண்ட் சர்வீஸ் வண்டியோடு சேர்ந்தே வருவார். அவர் கையிருப்பில் ஒரு பத்துப் பதினைந்து பட்டப்பெயர்கள் இருக்கும். புல்லட்டு, சூறாவளி, கரண்டு, கீரி, சிறுத்தை. காலையில் கபடிக்காரனுக்குக் கொடுத்ததையே சாயங்காலம் ஆட்டக்காரிக்கும் தூக்கிக் கொடுத்துவிடுவார். கூட்டம் கைதட்டினால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நோட்டீஸ், ஃபிளெக்ஸ், கோப்பை எல்லாவற்றிலும் அதுதான். அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டோடு நின்றுவிடும்.

அப்படிக் ‘கரண்டு’ மட்டும் எங்கள் பக்கத்தில் மூன்று. என்னோடு ஆடுகிற கரண்டு ஒன்று. ராஜபாளையத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்கு மிமிக்ரி செய்யும் கரண்டு ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் கரகம் ஆடும் கரண்டு அக்கா ஒன்று. யாரும் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. ஒரே பட்டத்தை மூன்று பேர் வைத்திருப்பது எங்களுக்கு ஒரு பெருமையாகக்கூட இருந்தது. இதனால் ஒரு உயிர் ஊசலாடும் என்று யார் நினைத்தது?

ஆடி மாசம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு காலி மனையில் ஆட்டம். முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு மட்டுமான போட்டி. கரண்டு மில்லில் காலை ஷிப்டு முடித்துவிட்டு நேராக வந்தான். அவன் வேலை பார்க்கும் ஸ்பின்னிங் மில்லில் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வருகிற அவசரத்தில் எடுக்காமலே வந்துவிட்டேன் என்றான். “எடுத்துட்டு வந்து எம்புட்டுப் பேருக்குப் பேசப்போற, விடுலே” என்றேன்.

இரண்டாவது பாதியில் ஒரு தடிமனான ஆள் பாடிக்கொண்டு வந்தான். கரண்டின் பிடி இறுகியது. பாய்ந்தோம். நான் இடுப்பில், அவன் காலில். மூன்று பேரும் ஒன்றாக விழுந்தோம். விழுந்த வேகத்தில் அந்த ஆளின் முழங்கால் கரண்டின் நெற்றிப்பொட்டில் பட்டது. விசில் ஊதினார்கள், எங்களுக்குப் பாயிண்டு. நான் எழுந்துவிட்டேன். அவன் கை மட்டும் என் கையை விடவில்லை. பிறகு விட்டது. அந்த விடுதல் எனக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கில் லேசாக ரத்தம்.

ஒரு காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்தான் மடியில் தலையை வைத்திருந்தேன். மற்றவர்கள் மைதானத்தில் நின்றுவிட்டார்கள். வாசலில் சீட்டு எழுதும் இடத்தில் நர்ஸம்மா கேட்டார்.

“பேஷண்ட் பேரு?”

“கரண்டு.”

பேனா நின்றது. “அது பேரா? ஆதார்ல என்ன பேரு?”

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. யோசித்தால் வந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். பதினான்கு வருடத்தில் ஒரு தடவையாவது காதில் விழுந்திருக்காதா? விழவே இல்லை. தலைக்குள் துழாவத் துழாவக் கரண்டு, கரண்டு என்று மைக் சத்தம்தான் கேட்கிறது.

“அப்பா பேரு? வீடு எங்க?”

ராஜபாளையம் என்றேன். எந்தத் தெரு என்றார். ஆட்டம் முடிந்து போகும்போது பஞ்சு மார்க்கெட்டில் என்னை இறக்கிவிட்டு அவன் வண்டி இடது பக்கம் திரும்பும். எனக்குத் தெரிந்த முகவரி அவ்வளவுதான். இடது பக்கம்! அதை ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது? எந்த மில் என்று கேட்டார், அதுவும் தெரியவில்லை. எங்கள் ஊரில் மில்லுக்கா பஞ்சம்?

“நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார் நர்ஸம்மா. அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

“பிரண்டு” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் ‘பெயர் தெரியாத ஆண்’ என்று எழுதினார். ரோட்டோரத்தில் அநாதையாகக் கிடப்பவர்களைக் கொண்டுவந்து போட்டால் எழுதுகிற வரி அது.

உள்ளே சின்ன வயது டாக்டரம்மா. கண்ணிமையைத் தூக்கி லைட் அடித்துப் பார்த்தார். தலைக்குள் ரத்தம் கசிகிற மாதிரி இருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், ஆம்புலன்ஸ் சொல்கிறேன் என்றார்.

“சுகர், பிரஷர், ஹார்ட் ஏதாவது இருக்கா? மாத்திரை எதுவும் சாப்பிடுறாரா?”

“அதெல்லாம் ஒண்ணும் கெடையாது மேடம். இரும்பு மாதிரி ஆளு.”

பேர் தெரியாத ஆளுக்கு இதை மட்டும் எவ்வளவு அடித்துச் சொன்னேன்! என் தோரணையைப் பார்த்து அவரும் ‘எதுவும் இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து டீம் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ஒருவன் ‘மு’வில் ஆரம்பிக்கும் என்றான். இன்னொருவன் ‘செ’ என்றான். அவன் வீடு யாருக்கும் தெரியவில்லை. ராஜபாளையத்தில் ஒரு டீக்கடைக்காரருக்குப் போட்டு, கரண்டு வீட்டுக்குப் போய் அவன் பெண்டாட்டியைக் கூட்டிவாருங்கள் என்றேன். பத்து நிமிஷத்தில் அந்த நம்பரிலிருந்து போன். “கரண்டு பேசுறேன், யாருங்க?” என்கிறது ஒரு குரல். டீக்கடைக்காரர் மிமிக்ரி கரண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். பாவம், அந்த ஆள் என்ன செய்வார்? ஆத்திரத்தில் டீக்கடைக்காரரைக் கண்டபடி திட்டிவிட்டேன்.

இதற்கிடையில் மைதானத்தில் மைக் பிடிப்பவர் தன் பங்குக்கு ஓர் அறிவிப்பு கொடுத்திருக்கிறார். ‘நம்ம கரண்டு ஆஸ்பத்திரியில் ரொம்ப மோசமான நிலையில் இருப்பதால் சொந்தபந்தங்கள் உடனே அங்கே செல்லவும்.’ ஸ்ரீவில்லிபுத்தூரில் கரண்டு என்றால் யார்? ஒரு பெண் தலைவிரி கோலமாக ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். “எங்க அக்கா எங்க? எங்க அக்காளுக்கு என்ன ஆச்சு?” என்று என் சட்டையைப் பிடித்தாள். உள்ளே கிடப்பது ஆம்பளை என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அக்காவுக்குப் போன் போட்டாள். குரலைக் கேட்டதும் ஓவென்று அழுதாள். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அழ வேண்டிய ஆளுக்கு இன்னும் செய்தியே போகவில்லை.

கால் மணி நேரத்தில் அந்த அக்கா வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். வேகமான நடை. மேடையில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. நேராக என்னிடம் வந்தார்.

“கபடிக் கரண்டுதான தம்பி உள்ள கெடக்காரு? அவர் சம்சாரத்துக்குப் போன் போட்டுட்டேன். பொறப்பட்டுட்டா. டாக்டர்ட்ட மாத்திரை விஷயத்தச் சொல்லியாச்சா?”

“என்ன மாத்திரை?”

“ரத்தம் உறையாம இருக்கத் திங்கிறாரே, அந்த மாத்திரை. நெஞ்சுக்குப் பாத்து ரெண்டு வருஷமாகுதுல்ல?”

இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு மாதம் ஆட வராமல் இருந்தான். திருப்பூரில் வேலை என்று சொன்னான், சரி என்று விட்டுவிட்டேன். நெஞ்சு வலி என்று தெரிந்தால் டீமை விட்டு நிறுத்திவிடுவோம் என்று மறைத்திருக்கிறான். நிறுத்தித்தான் இருப்போம். நிறுத்தியிருக்கத்தான் வேண்டும்.

அக்கா உள்ளே ஓடினார். அங்கிருந்தே அவன் மனைவியைப் போனில் கூப்பிட்டு, கையோடு எடுத்துவந்த மாத்திரை அட்டையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்தார். டாக்டரம்மா சீட்டில் எழுதியிருந்த ‘எதுவும் இல்லை’யை அடித்தார். அந்த மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் லேசில் நிற்காதாம். எதிர்மருந்தை மதுரையில் தயாராக வைக்கச் சொல்லிப் போன் போட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும் சார்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நர்ஸம்மா புதுச் சீட்டு எழுதினார். அக்கா இனிஷியலோடு பேரைச் சொன்னார், அப்பா பேர், தெருப் பேர் எல்லாம் சொன்னார். என் கரண்டின் பேரை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான், ஒரு கரகாட்டக்கார அக்காவின் வாயால். அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்காவிடம் கேட்டேன், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று.

“பட்டம் ஒண்ணுதான தம்பி. கோயில் கமிட்டிக்காரக கரகத்துக்குன்னு அவருக்குப் போன் போடுவாக. கபடிக்குன்னு எனக்குப் போடுவாக. ‘அக்கா, இது உங்க கிராக்கி’ன்னு சிரிச்சுக்கிட்டே நம்பர மாத்திவிடுவாரு. அப்படியே பேசிப் பேசி அவர் சம்சாரமும் நானும் பழகிட்டோம். போன புரட்டாசிச் சனிக்கு நம்ம திருவண்ணாமலைக்கு ரெண்டு குடும்பமுமாத்தான் போயிட்டு வந்தோம்.” திருவண்ணாமலை என்றால் எங்களுக்குப் பக்கத்து மலையில் இருக்கிற பெருமாள். இரண்டு குடும்பமும் ஒன்றாகக் கோயிலுக்குப் போகிற அளவுக்கு இத்தனை நடந்திருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

அவன் பிழைத்தான். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. மதுரையில் மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். எதிர்மருந்து முன்கூட்டியே தயாராக இருந்திருக்காவிட்டால் மேசைக்கே கொண்டுபோயிருக்க முடியாது என்று அங்கே சொன்னார்களாம். நான் சொன்ன ‘ஒண்ணும் கெடையாது’ அப்படியே போயிருந்தால்? அந்தக் கேள்வியை நான் முழுதாகக் கேட்டுக்கொள்வதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். பஞ்சு மார்க்கெட்டில் இடது பக்கம் திரும்பி, மூன்றாவது தெரு. அவ்வளவு பக்கம். மொட்டைத் தலையில் தையல் தடம், கட்டிலில் சாய்ந்திருந்தான். மதினி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் பாவமன்னிப்புக் கேட்பவன் மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். சீட்டில் எழுதியது, டாக்டரிடம் நான் அடித்துச் சொன்னது, எல்லாம். அவன் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

“இப்ப உன் நம்பரைப் பேரு போட்டு வச்சிருக்கேன்லே, பாரு” என்று சொல்லி, நிரூபிக்கிறவன் போல அவனுக்குப் போன் போட்டேன். கட்டிலில் கிடந்த அவன் போன் அடித்தது. திரையில் ‘கீரி’ என்று வரும், பதிலுக்கு நாலு வார்த்தை அவனைக் கேட்கலாம் என்று எட்டிப்பார்த்தேன்.

இனிஷியலோடு என் முழுப் பேர். அடைப்புக்குள் என் அப்பா பேர், தெருப் பேர்.

“எப்பலே போட்ட இத?”

“நீ டீமுக்கு வந்த மொத நாளு. போன் மாத்தும்போதெல்லாம் இதையும் மாத்தி வச்சுக்கிடுவேன். கரண்டுன்னே மூணு பேரு இருக்கோம், கீரி எத்தன பேரோ. நாளைக்கு ஒண்ணுன்னா யாருக்குன்னு சொல்லுறது?”

“எனக்கு ஏம்லே உன் பேரச் சொல்லல?”

“அன்னைக்கு நான் உன் பேரக் கேட்டேன், நீ சொன்ன” என்றான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. “நீ திருப்பிக் கேக்கலையேலே.”