பதினொன்றில் எடுத்த படம்

அனுமந்தை ஊர்ச் சகாயமேரிக்குக் கேமராவைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். மகள் ஜான்சியின் கல்யாணத்தில் பந்தல் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. ஆல்பத்தில் அந்தக் கிழிசலே இல்லை. பெண்ணின் முகம் பளிச்சென்று இருக்க, பின்னால் எல்லாம் கலங்கிய பால். எடுத்தவன் மரக்காணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கலையரசன். "2.8ல எடுத்தேன்க்கா. லென்ஸை அகலமா தொறந்துட்டா கிட்ட இருக்கறதுதான் ஷார்ப்பா வரும். பின்னாடி ஒண்ணும் தெரியாது" என்றான். அந்த எண் அவள் மனதில் நின்றுவிட்டது.

பதினெட்டு வருஷமாக அவள் உப்பளத்தில் கூடை சுமக்கிறாள். அங்கே இரண்டு பெண்கள் ஒரு ஜோடி. ஒருத்தி தூக்கிவிடாமல் இன்னொருத்தி தலையில் ஈர உப்பு ஏறாது. சகாயமேரியின் ஜோடி சின்னப்பாப்பா. நாலு மாதமாகச் சின்னப்பாப்பாவின் கணுக்காலில் ஆறாத புண். புண்ணோடு வருகிறவளை மேஸ்திரி நிறுத்திவிடுவார். அதனால் பாலிதீன் சுற்றி, புடவையை இறக்கிக் கட்டி மறைத்தாள். மேஸ்திரி டீக்குப் போகும்போது மட்டும் வரப்பில் உட்கார்ந்து கட்டை அவிழ்ப்பாள்.

அப்படி ஒரு டீ நேரத்தில்தான் கலையரசன் ஒரு புகைப்படப் போட்டிக்காகச் சகாயமேரியைப் படம் எடுக்க வந்தான்.

"ஏய் மேரி, கேமராக்காரனை அந்தாண்ட போகச் சொல்லுடி."

"நீ உக்காருடி. 2.8ல எடுப்பான். நீ என்ன, உன் மாமியாரே வந்து நின்னாலும் தெரியாது. தம்பி, அவ தெரியக் கூடாதுப்பா!"

"தெரியாதுக்கா."

முதல் படத்தைத் திரையில் காட்டினான். சகாயமேரியின் நெற்றி வியர்வை வரை தெளிவு. பின்னால் வெறும் வெள்ளை. நிம்மதியாக நின்று கொடுத்தாள். அதற்குப் பிறகு எடுத்ததை அவன் காட்டவில்லை.

படம் பரிசு வாங்கியது; பேப்பரிலும் வந்தது. புதுச்சேரிக் கண்காட்சியில் ஆள் உயரத்துக்கு மாட்டினார்கள். உப்பள முதலாளி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் மேஸ்திரி சின்னப்பாப்பாவைக் காலைக் காட்டச் சொல்லி, அங்கிருந்தே திருப்பி அனுப்பினார்.

சகாயமேரி ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"2.8ல உப்பளமே இல்லக்கா, உங்க மூஞ்சி மட்டும்தான். அதை யாரு பரிசுக்கு எடுப்பாங்க? அதான் 11க்கு மூடினேன். கிட்ட, தூர எல்லாம் ஷார்ப்பு."

"அவ காலு தெரியுதுன்னு பார்த்தியா?"

கலையரசன் மேஜையைத் துடைத்தான். "பெருசாக்கிப் பார்த்தேன்க்கா."

"பார்த்துட்டுமா அனுப்பின?"

அவன் முதல் படத்தைப் பிரிண்ட் போட்டு அவள் கையில் வைத்தான். அதை எடுத்துக்கொண்டு நேராகச் சின்னப்பாப்பா வீட்டுக்குப் போனாள்.

"இதுதான்டி நான் பார்த்த படம். இதைத்தான் காட்டினான்."

சின்னப்பாப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல நான் எங்க?"

"இந்த ஓரத்துல, வெள்ளையா கலங்கி இருக்குதே, அது."

"உன் மூஞ்சி ரெண்டுலயும் நல்லாத்தான் இருக்குது" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் சகாயமேரிக்குக் கூடை தூக்கிவிட மேஸ்திரி வேறொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.